குதிரையின் குளம்பும் நிற்கும் நிலையும்

பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களுள் விலை மிக்கவற்றில் ஒன்று குதிரை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோபோலோ இவ்வாணிகத்தைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார். ஓர்முசு, கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வணிகர் மரக்கலங்களில் குதிரைகளை ஏற்றிவந்து விற்றனர் என்றும், பாண்டிய மன்னன் ஒருவனே ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்குமேல் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகிறார். பயணிகள் தரும் எண்ணிக்கையை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. பாதியைத் தள்ளிவிட்டாலும் மிகப் பெரிய அழிவு அது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்று குறித்துள்ளார் என்பதையும் சேர்த்து எண்ணினால், பாண்டிய நாட்டுப் பொன் எவ்வளவு கடல் கடந்து போயிற்று என்பது விளங்கும்.

இவ்வழிவுக்கு மார்க்கோபோலோ காட்டும் காரணம், அந்நாட்டில் குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை என்பது. குதிரை மருத்துவர் எவரையும் வணிகர் தம்முடன் அழைத்து வருவதில்லையாம். பிறர் போவதையும் அவர்கள் விடுவதில்லையாம். குதிரைகள் மடிய மடிய அவர்களுக்கு வாணிகம் வளர்ந்தது. உயர்ந்த இனத்துப் பெண்குதிரையும் ஆண்குதிரையும் சேர்ந்து ஈன்ற குட்டிகூட அங்கே கால் கோணிச் சவாரிக்கு உதவாததாகப் பிறந்தது என்றும் அவர் சொல்கிறார். இவ்விரு ஆசிரியர்களின் குறிப்புகளையும் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1939இல் வெளியிட்ட அயல்நாட்டார் குறிப்புகளின் தொகுப்பில் காணலாம். வகுப்பறையில் இவை வாணிகச் செழிப்புக்குச் சான்றாக மட்டுமே படிக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவம் கற்ற ஒருவர் படித்தாலோ, நோயாளியின் குறிப்பேட்டைப் படிப்பது போன்றே இருக்கும். உணவு, கட்டிவைத்த முறை, நடை தளர்ந்த விதம், குட்டியின் கால் என எல்லாம் அதில் இருக்கின்றன. குளம்பு என்ற ஒரு சொல்தான் இல்லை.

இதைக் கொண்டு தமிழர் குதிரையையே அறியாதவர் என்று முடிவுகட்டுவது பொருந்தாது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. புரவி, பரி, மா, இவுளி எனப் பெயர்களுக்கும் குறைவில்லை. மாணிக்கவாசகர் வரலாறே குதிரை வாங்கப் போன அமைச்சரின் வரலாறுதான். குதிரை ஏறுவது ஒரு கலை. வெயிலும் ஈரமும் மிக்க நாட்டில் அதன் காலைக் காப்பது வேறொரு கலை.

குதிரைக் குளம்பை விளக்க மாட்டின் குளம்பிலிருந்து தொடங்குவது எளிது. சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாளோடு குதிரைப் பந்தயம் முடிவுற்றது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்கோ குதிரை பெரும்பாலும் பாடநூற்படமே. மாடு ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல்களின்மேல் நிற்கிறது. ஆகவே அதன் குளம்பு பிளவுபட்டது. குதிரை ஒரே விரலின்மேல், அதாவது நடுவிரலின் நுனிமேல் நிற்கிறது. வண்டி மாட்டுக்குக் காலுக்கு இரண்டாக எட்டு இலாடத் தகடுகள் வேண்டியிருப்பதும், குதிரைக்கு நான்கே போதுமாவதும் இதனால்தான். குதிரையின் முன்னங்காலில் முழங்கால்போல் தோன்றுவது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்புறமாக மடிந்து நிற்பது குதிகால். ஆசிரியர் தம் நடுவிரல் நுனியை மேசைமேல் ஊன்றி, மற்ற விரல்களை மடக்கிக் காட்டினால் மாணவர்க்கு இது நொடியில் புரியும்.

குளம்பின் வெளிச்சுவர் மனிதரின் நகம்போன்றது. நகமும் மயிரும் கொம்பும் ஆகிய கெரட்டின் என்னும் பொருளால் ஆனது. அதில் உணர்ச்சி இல்லை. ஆணி அடித்தாலும் வலிக்காது. சுவரின் உள்ளே இருப்பதெல்லாம் உயிருள்ள பகுதி. அங்கே பிறைபோன்ற வடிவில் ஒரு குளம்பெலும்பு உண்டு. காலின் எலும்புகளுள் கடைசியானது அது. இவ்வெலும்பு குளம்பின் அடித்தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றே பலரும் எண்ணுவர். அப்படியன்று; அது குளம்புச் சுவரின் உட்புறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவரின் உட்பக்கத்தில் புத்தகத்தின் தாள்கள்போல் ஏறத்தாழ 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் உள்ளன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மடிப்புகள். எலும்பைப் போர்த்திய தசையிலும் இதற்கு எதிரான மடிப்புகள் அமைந்து, இரு கைகளின் விரல்களைக் கோத்தாற்போல ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு குளம்பிலுள்ள மடிப்புகளை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே குறைந்த இடம் வேண்டும். சிறியதொரு கரும்பலகை அளவு! 450 அல்லது 500 கிலோ எடையுள்ள விலங்கு ஓடும்போதும் தாண்டும்போதும் அதன் பாரத்தைத் தாங்குவது இந்தப் பிடிப்பே.

குளம்பின் அடியில், நடுவே, ஆப்பு வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி உண்டு. இதனை ஆங்கிலேயர் தவளை என்றழைத்தனர். பழைய கிரேக்கர் தகைவிலான் குருவி என்றனர். அக்குருவியின் பிளந்த வால்போல் அது தோன்றியது போலும். கால் தரையில் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்று விரியும். உள்ளேயுள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படும். கால் எழும்போது மீண்டும் இரத்தம் இறங்கி நிறையும். ஆகவே நடப்பது குதிரையின் காலுக்கு உணவு போன்றது. நெடுநேரம் அசையாமல் கட்டிவைக்கப்பட்ட குதிரைக்குக் கால் வீங்குவதைக் குதிரைக்காரர் எவரும் அறிவர்.

இனி நிற்கும் நிலை. குதிரைக்குத் தன் வலியைச் சொல்ல வாயில்லை. நாயைப்போல் அது முனகுவதுமில்லை. வேட்டையாடப்படும் விலங்கு தன் வலியை மறைத்தே வாழும். எனினும் நான்கு கால்களையும் எங்கே வைக்கிறது என்பதைப் பார்த்தே அதன் குறையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நலமுள்ள குதிரையின் முன்னங்கால்கள் பக்கவாட்டில் பார்க்கும்போது தரைக்கு நேர்க்குத்தாக இருக்கும். உடலின் பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்களின்மேல் விழும். தலையும் கழுத்தும் அப்பக்கம் இருப்பதே இதற்குக் காரணம். குளம்பின் முன்சரிவும், அதற்கு மேலுள்ள கணுவின் சரிவும் ஒரே கோட்டில் அமைந்திருக்கும். ஒரு மரச்சட்டத்தைச் சார்த்தி வைத்தாற்போன்ற கோடு அது. குளம்பின் முனை நீண்டு, குதிப்பகுதி தாழ்ந்துபோனால் அக்கோடு பின்னால் உடையும். அப்போது காலின் பின்புறத்து நாண் ஒவ்வோர் அடியிலும் அளவுக்குமேல் இழுபடும். முனையைச் சீவிவிட மறந்த சில வாரங்களின் கவனக்குறைவு, நாணில் போய் நோயாகத் தங்கும்.

குதிரை நின்றுகொண்டே உறங்கக் கூடியது. பின்னங்கால் மூட்டில் ஒரு பூட்டுப் போன்ற அமைப்பு உள்ளமையால், ஒரு பின்னங்காலைப் பூட்டிக்கொண்டு மற்றதன் நுனியை மட்டும் தரையில் தொட்டவாறு ஓய்வெடுக்கும். பிறகு கால் மாற்றும். புதிதாகப் பார்ப்பவர் நொண்டி என்று பதறுவதுண்டு. அது நோயன்று. முன்னங்காலை அவ்வாறு வைப்பதுதான் நோய். ஒரு முன்னங்காலை மட்டும் முன்னே நீட்டிப் பாரம் ஏற்றாமல் நின்றால், அக்காலில் வலி உண்டு. நடக்கும்போது வலியுள்ள முன்னங்கால் தரையில் படும் நொடியில் தலை மேலெழும். நல்ல கால் படும்போது தலை தாழும். முனையை முதலில் ஊன்றிக் குதிப்பகுதியைத் தரையில் வைக்க அஞ்சும் குதிரைக்குக் குளம்பின் பின்பகுதியில் கோளாறு இருக்கலாம்.

இரு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, பின்னங்கால்களை வயிற்றின் அடிக்குக் கொண்டுவந்து, பின்னால் சாய்ந்தாற்போல் நிற்பது எல்லாவற்றினும் அச்சமூட்டும் நிலை. முன்குளம்புகளின் முனையில் தாங்கமுடியாத வலி ஏற்படும்போது, பாரத்தைக் குதிப்பகுதிக்கும் பின்னங்கால்களுக்கும் மாற்ற முயலும் விலங்கின் நிலை இது. கால் மாற்றி மாற்றி வைக்கும். திரும்பச் சொன்னால் மறுக்கும். குளம்பைத் தொட்டால் சுடும். பழைய ஐரோப்பிய வைத்தியர் சிலர் இதனை நெஞ்சுக்கூட்டின் நோய் என்று எண்ணி நெஞ்சுக்கு மருந்திட்டனர். நோய் இருந்ததோ கீழே, குளம்பினுள்.

நிலை குளம்பால் மாறுவது போலவே குளம்பும் நிலையால் மாறும். நெதர்லாந்தில் குதிரைக்குட்டிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. கால் நீண்டு தலை சிறுத்த குட்டிகள் புல்மேயும்போது வாய் தரைக்கு எட்டாமையால், ஒரு முன்னங்காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக வைத்து மேய்கின்றன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி எப்போதும் ஒரே காலை முன்வைக்கும் பழக்கம் கொண்டன. அதனால் அவற்றின் இரு குளம்புகளும் வெவ்வேறு வடிவில் வளர்ந்தன. எழுதும்போது ஒருபுறம் சாய்ந்தே உட்காரும் சிறுவனைத் திருத்தும் ஆசிரியர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

பழங்காலத்தில் குளம்பின் அருமையை நன்கு உணர்ந்தவர் கிரேக்கர் செனபோன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பைப் பற்றி நூல் எழுதிய அவர், குதிரை வாங்கப் போகிறவன் முதலில் பார்க்கவேண்டியது கால்களையே என்றார். ஈரமும் வழுவழுப்பும் உள்ள தொழுவத் தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றும், முற்றத்தில் கைப்பிடியளவு உருண்டைக் கற்களைப் பரப்பி அதன்மேல் குதிரையை நிறுத்தவேண்டும் என்றும் அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்தும். ஆணி அடித்துப் பொருத்தும் இரும்பு இலாடம் அவர் காலத்தில் வழக்கில் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் போன்ற மழை நாடுகளில் தொழுவத் தரையின் ஈரம் பெரும் பகை. சாணமும் சிறுநீரும் கலந்த ஈரத்தில் நின்றால் குளம்பின் நடுமெத்தை அழுகிக் கறுத்த கசிவும் துர்நாற்றமும் உண்டாகும். நாள்தோறும் குளம்பின் அடியைக் கொக்கியால் சுரண்டித் துடைப்பதைவிட இதற்கு மேலான மருந்து இல்லை.

சாய்ந்து நிற்கும் அந்தக் கொடிய நோய்க்கு இனித் திரும்பலாம். ஆங்கிலத்தில் லாமினைட்டிஸ் எனப்படும் இதனைக் குளம்பு அழற்சி எனலாம். மேலே சொன்ன மடிப்புகளின் பிடி நெகிழ்வதே நோய். பிடி விட்டவுடன் பாரம் எலும்பைக் கீழே அழுத்துகிறது. பின்புறத்து நாண் அதனை இழுக்கிறது. எலும்பின் முனை கீழ்நோக்கித் திரும்பி அடித்தட்டையே துளைத்து வெளிவருவதும் உண்டு. இந்நோய்க்குக் காரணங்கள் பல. தானியத்தை மிகுதியாகத் தின்ற குதிரையின் பெருங்குடலில் மாச்சத்து புளித்து, நஞ்சு இரத்தத்தில் கலப்பது ஒன்று. கொழுத்து அசையாதிருக்கும் குதிரையின் இரத்தத்தில் இன்சுலின் ஓயாது மிகுந்திருப்பது மற்றொன்று. நலமுள்ள மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினை மட்டும் நெடுநேரம் உயர்த்தி வைத்தாலே இந்நோய் வந்துவிடும் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2007இல் காட்டினர். ஒரு கால் முறிந்த குதிரை எதிர்க்காலின்மேல் நாள் முழுதும் பாரம் ஏற்றுவதாலும் இது வரும்.

செல்வமும் மருத்துவமும் நிறைந்த இடத்திலும் இந்நோயை வெல்வது அரிது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் முப்பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் என்னும் குதிரை, 1989 அக்டோபர் 4ஆம் நாள் இந்நோயால் கருணைக்கொலைக்கு ஆளாயிற்று. 2006இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்ற பார்பரோ, இரண்டு வாரம் கழித்து மற்றொரு பந்தயத்தில் வலப் பின்னங்கால் முறிந்தது. முறிந்த எலும்பு ஆறிவந்தது. பாரம் தாங்கிய இடக்காலின் குளம்பிலோ அழற்சி கண்டது. பின்னர் முன்னங்கால்களுக்கும் பரவிற்று. நிற்க ஒரு கால் இல்லாமற்போன நிலையில், 2007 சனவரி 29இல் அதன் வாழ்வு முடிக்கப்பட்டது.

இவற்றை மனத்திற்கொண்டு வஸ்ஸாப் சொல்வதைப் பார்க்கவேண்டும். மரக்கலத்திலிருந்து இறங்கிய குதிரைக்கு அங்கே பச்சை வாற்கோதுமை கொடுப்பதில்லையாம். வறுத்த வாற்கோதுமையையும் நெய் சேர்த்த தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்களாம். கொழுக்கவேண்டும் என்பதற்காக 40 நாள் கயிற்றாலும் முளையாலும் தொழுவத்தில் பிணித்து வைத்தார்களாம். பிறகு எவ்விதப் பயிற்சியும் இன்றி வீரர் ஏறி வெறிகொண்டாற்போல் ஓட்ட, வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சில நாளிலேயே தளர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாதனவாயின என்கிறார். மார்க்கோபோலோவோ சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டியதாகக் கூறுகிறார்.

இதில் கொடுமை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பாலும் நெய்யும் அக்காலத்தில் விருந்தினர்க்கும் பிள்ளைகட்கும் தரும் உணவு. 220 பொன் கொடுத்து வாங்கிய குதிரையைக் குறைவாக நடத்த யாருக்குத் தோன்றும்? புல்லையும் வைக்கோலையும் நாளெல்லாம் மென்று, நடந்துகொண்டே வாழப் பிறந்த விலங்குக்கு அந்த உபசாரமே தீங்காயிற்று. சமைத்த தானியத்தின் மாச்சத்து மிக விரைவில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறும்; அசையாமல் கட்டியிருப்பதால் அது செலவாகாது. குளம்பு அழற்சியை வேண்டுமென்றே வரவழைக்க விரும்பும் ஒருவர்கூட இதைவிடப் பொருத்தமான 40 நாள் திட்டத்தை வகுப்பது அரிது. அதன்மேல் உடனே வெறியோட்டம்! பிடி நெகிழ்ந்த மடிப்புகள் கிழிய அது ஒன்றே போதும்.

கால் கோணிய குட்டிகளுக்கும் விளக்கம் உண்டு. தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. இவ்வுணவே பெரிதாக அமைந்தால் உடல் தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து வளையும். வெப்பநாட்டுப் புற்கள் சிலவற்றில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருளும் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வடக்கு ஆஸ்திரேலியாவின் குதிரை வளர்ப்போர் இக்குறையோடு இன்றும் போராடுகின்றனர்.

அத்தனை குதிரைகளும் குளம்பு நோயால் மாண்டன என்று சொல்லிவிட முடியாது. ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் காய்ச்சல் ஆசியாவில் எண்ணற்ற குதிரைகளைக் கொன்றது. அதன் நுண்கிருமியை கிரிஃபித் எவன்ஸ் 1880இல் பஞ்சாபில் கண்டறிந்தார். வறண்ட நாட்டிலிருந்து ஈரவெப்ப நாட்டுக்கு வரும் குதிரைகளுள் சில வியர்க்கும் ஆற்றலையே இழந்து துன்புறும். திடீர் மரணங்களுக்கு இவையே காரணமாயிருக்கலாம். ஆனால் வஸ்ஸாப் முதலிற் கூறுவது மரணத்தையன்று. ஓடிய குதிரை ஓடாமற்போவதையும், துள்ளியது மந்தமாவதையுமே அவர் கூறுகிறார். கொழுத்த பிறகு, கட்டவிழ்த்து ஓட்டிய பிறகு அது நேர்ந்தது என்ற வரிசையையும் தருகிறார். இவ்வரிசை குளம்பையே சுட்டுகிறது.

குளம்புச் சுவர் மேல்விளிம்பிலிருந்து மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போன குளம்பின் முனை முழுவதும் கழிந்து புதியது தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். அதுவரை தானியத்தை நிறுத்திப் புல்லும் வைக்கோலும் கொடுத்து, மெத்தென்ற மணலில் நிறுத்தி, ஆறு வாரத்துக்கு ஒருமுறையேனும் முனையைச் சீவி, எலும்பின் சரிவுக்கேற்பக் குளம்பைத் திருத்திக்கொண்டே வரவேண்டும். அதற்குக் கை பழகிய ஆள் ஒருவர் வேண்டும். காயலுக்கு வந்த மரக்கலங்களில் ஏறவிடாமல் வணிகர் தடுத்தது அந்த ஆளைத்தான்.